மட்டி பொறுக்குவோரும் சோதனை முடிவும்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

ராயக்கோட்டைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைக் கண்ட நண்பர்கள் நகைக்கக்கூடும். எங்கள் ஊரில் நின்று எத்திசையில் நோக்கினாலும் மலைதான் தெரியும். கோட்டை மலை, தக்காளி மண்டி, ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள், தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே ஓடும் இரயில் பாதை, இவையே எங்கள் உலகம். கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கும். மட்டி என்னும் உயிரினத்தை நான் முதலில் கண்டது பாடநூலில் படமாக. பிறகு ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் புட்டிக்குள்.

கல்விச் சுற்றுலாவாகத் துறையிலிருந்து எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றபோது, வழியில் முட்டுக்காட்டுக் கழியருகே இறங்கினோம். இடுப்பளவு நீரில் நின்று பெண்கள் சிலர் காலால் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். நாங்களும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினோம். அரை மணி நேரத்தில் ஒரு துண்டு நிறைய மட்டி சேர்ந்துவிட்டது. இரவு தங்குமிடத்தில் சமைத்து உண்பது என்று முடிவு செய்தோம். அப்போது எங்களுடன் வந்த பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "இதைத் தின்னலாமா, கூடாதா என்று இன்றைக்கு யாரிடம் கேட்பீர்கள்?"

யாரிடமும் விடை இல்லை. அருகில் நின்ற மூதாட்டியிடம் கேட்டேன். "நாங்க பொறந்ததுலேருந்து தின்னுறோம் தம்பி. தண்ணி செவந்து கெடந்தா மட்டும் எடுக்க மாட்டோம்" என்றார். அந்தச் சொல்லில் பாதி உண்மையும் பாதி ஆபத்தும் இருந்தன என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மட்டியைக் கழியிலேயே கொட்டிவிட்டுத் திரும்பினோம். பேராசிரியரின் கேள்வியை மட்டும் என்னால் கொட்டிவிட்டு வர முடியவில்லை. அதன் விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நஞ்சு மட்டியினுடையது அன்று

மட்டி, சிப்பி, ஆளி முதலிய ஈரோட்டு உயிரிகள் நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பவை. கையளவு சிப்பி ஒன்று ஒரே நாளில் பல லிட்டர் நீரை வடித்துவிடும். அந்நுண்ணுயிர்களுள் இரு கசையிழைகள் கொண்டு சுழன்று நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பாசியினம் ஒன்று உண்டு. அவ்வினத்திலும் அலெக்சாண்டிரியம், ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் போன்ற சிலவே நஞ்சை உண்டாக்குவன. வெப்பம், ஒளி, உப்புத்தன்மை, உரச்சத்து ஆகியவை ஒருங்கே ஒத்துவரும் காலத்தில் இவை பல்கிப் பெருகும். மட்டி அவற்றை உண்கிறது. நஞ்சு அதன் சதையில் சேர்கிறது. மட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதை உண்ட மனிதனுக்கே கேடு.

இந்நஞ்சுகளுள் கொடியது சாக்சிடாக்சின். நம் நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில் திறந்தால்தான் நரம்புச் செய்தி ஓடும். சாக்சிடாக்சின் அவ்வாயிலில் தாழ்ப்பாள் போட்டதுபோல் அடைத்துக்கொள்கிறது. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மதமதக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், முற்றினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் கொடுத்து, உடல் தானே நஞ்சை வெளியேற்றும்வரை உயிரைக் காப்பதே வழி. ஆதலால் நேரமே மருந்து எனலாம்.

இங்கு நாம் மனத்திற் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, இந்நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. இரண்டாவது, நஞ்சேறிய மட்டிக்கு நிறமோ மணமோ சுவையோ மாறாது. குழம்பில் வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது போன்ற வழக்கங்களால் அதைக் கண்டறிய இயலாது. மூன்றாவது, நீர் சிவந்திருந்தால்தான் நஞ்சு உண்டு என்பதும் இல்லை, சிவந்த நீரெல்லாம் நஞ்சு என்பதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் பாசி இருக்கும்போதே மட்டியில் நஞ்சு வரம்பைத் தாண்டிவிடக்கூடும். மூதாட்டியின் அனுபவ அறிவு மதிக்கத் தக்கது. ஆயினும் கண்ணால் காண முடியாததைக் கண்ணின் அறிவு எவ்வாறு காக்கும்? ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே இதற்கு வழி.

நம் கரையில் நிகழ்ந்தவை

இவை எல்லாம் குளிர்நாட்டுக் கடல்களின் கதை என்று எண்ணிவிடலாகாது. 1981-ஆம் ஆண்டில் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில், பக்கிங்காம் கால்வாயில் எடுத்த மட்டியை உண்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; மூவர் இறந்தனர். நாங்கள் துண்டு நிறைய மட்டி அள்ளிய அதே கடற்கரைச் சாலையை ஒட்டி நிகழ்ந்தது இது. கால்வாய் மட்டிக்கு நஞ்சு எவ்வாறு வந்தது என்பது அப்போது பெரும் புதிராகவே இருந்தது.

1983-இல் மங்களூருக்குத் தெற்கே கும்பளாவில் அதே வகை மட்டியால் ஓர் உயிர் போயிற்று, பலர் நோயுற்றனர். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை உண்டு ஏழு பேர் மாண்டனர். ஐந்நூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குமரி மாவட்ட எல்லையிலிருந்து விழிஞ்ஞம் எவ்வளவு தொலைவு? ஒரு நாளில் போய்வரும் தொலைவுதானே!

மூன்று நிகழ்ச்சிகளையும் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மூன்றிலும் நோயாளிகளே முதல் அறிவிப்பாக இருந்தனர். மட்டியைச் சோதித்து மக்களுக்குச் சொல்லும் நிலை இல்லை; மக்கள் நோயுற்ற பின்னரே மட்டி சோதிக்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், சோதனைச் சுண்டெலியின் இடத்தில் மனிதர்கள் இருந்தனர்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

சுண்டெலி என்று நான் சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. 1927-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிப்பி உண்டு 102 பேர் நோயுற்று, ஆறு பேர் இறந்தனர். அதன் காரணத்தைத் தேடிய சோமர், மேயர் என்னும் அறிஞர்கள் 1937-இல் சுண்டெலிச் சோதனையை வகுத்தனர். சிப்பிச் சதையை அமிலத்தில் கொதிக்க வைத்து வடித்த சாற்றைச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுண்டெலியைப் பதினைந்து நிமிடத்தில் கொல்லும் நஞ்சு 'ஓர் எலி அலகு' எனப்பட்டது. இன்று சுண்டெலிக்குப் பதிலாக நீர்ம நிறச்சாரல் பிரிகைக் கருவிகள் பல நாடுகளில் வந்துவிட்டன. அளக்கும் முறை மாறினாலும் வரம்பு ஏறக்குறைய எங்கும் ஒன்றே: 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம். ஒரு கிலோ சதையில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இதற்கு மேற்பட்டால் உணவாகாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இவ்வரம்பு இடம்பெற்றுள்ளது.

சாக்சிடாக்சின் தவிர வேறு நஞ்சுகளும் உள. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒகடாயிக் அமிலம் ஒன்று. நினைவாற்றலையே அழிக்கவல்ல டோமாயிக் அமிலம் மற்றொன்று. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளால் 107 பேர் நோயுற்றபோதுதான் டோமாயிக் அமிலம் சிப்பி நஞ்சாக முதன்முதலில் அறியப்பட்டது. மூவர் இறந்தனர், பிழைத்தவர் சிலருக்கு நினைவு திரும்பவே இல்லை.

யாருக்காகச் சோதனை?

இப்போது கட்டுரையின் நடுநாயகமான வினாவுக்கு வருவோம். விற்பனைக்கு வரும் பொருளைச் சோதிக்கப் பல நாடுகளில் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இறக்குமதி நாடுகள், நஞ்சுச் சோதனைச் சான்று இல்லாத சிப்பியை ஏற்பதில்லை. ஆகவே ஏற்றுமதிப் பெட்டியில் ஏறும் மட்டிக்குச் சான்று உண்டு. கழியில் இறங்கித் தானே எடுத்துத் தன் வீட்டு அடுப்பில் ஏற்றுபவரின் மட்டிக்கோ சந்தையும் இல்லை, தராசும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது 'உணவு வணிகம்' ஆகாது.

மேலை நாடுகளில் இவ்வாறு எடுப்போரைப் 'பொழுதுபோக்காக எடுப்போர்' என்று வகைப்படுத்துகின்றனர். விடுமுறை நாளில் வாளியும் மண்வெட்டியுமாகக் கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் அவர்கள். நம் கரையில் எங்களைப்போல் சுற்றுலா வந்து விளையாட்டாக அள்ளுவோரும் உண்டு. அன்றைய குழம்புக்காக எடுக்கும் ஏழைப் பெண்களும் உண்டு. இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றே. சோதனை முடிவு அவர்களை வந்து சேர்வதில்லை.

ஊர் திரும்பிய பின் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, "இந்த மாதம் கழி மட்டியைச் சோதித்தீர்களா ஐயா? முடிவை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையானவர்தான். "எந்த ஊர் தம்பி நீங்க?" என்றார். ராயக்கோட்டை என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "கிருஷ்ணகிரிப் பக்கம்தானே? அங்க ஏது மட்டி? உங்களுக்கு எதுக்கு இது?" என்றார். எழுதிக் கேட்டால் பார்க்கலாம் என்று முடித்துக்கொண்டார். அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் 'உங்களுக்கு எதுக்கு' என்னும் அச்சொல்லில்தான் நம் நோயின் வேர் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பிற நாடுகளில்

கலிபோர்னியாவில் ஒவ்வோர் ஆண்டும் மே முதல் நாள் தொடங்கி அக்டோபர் 31 வரை, கடற்கரையில் தாமே சிப்பி எடுத்து உண்பதற்குப் பொதுத் தடை உண்டு. அத்துடன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்றும் உண்டு. எந்தக் கரையில் என்ன தடை என்பதை எவரும் கேட்டறியலாம். வாஷிங்டன் மாநிலத்தில் காவல் சிப்பிகளைக் கூண்டிலிட்டுக் கடலில் தொங்கவிட்டு, அவ்வப்போது எடுத்துச் சோதித்து, திறந்த கரை எது மூடிய கரை எது என்று நிலப்படத்தில் வெளியிடுகிறார்கள். நியூசிலாந்தில் 1993-இல் நஞ்சுப் பாசியால் பலர் நோயுற்ற பின் கண்காணிப்புத் திட்டம் வந்தது. மூடிய கரைகளில் எச்சரிக்கைப் பலகை நடுகிறார்கள்.

அங்கும் குறையில்லாமல் இல்லை. அலாஸ்காவில் விற்பனைச் சிப்பிக்குத்தான் அரசுச் சோதனை; தாமே எடுப்போர் தம் பொறுப்பில் உண்ண வேண்டியதே. 2020-இல்கூட அங்கு ஓர் உயிர் போயிற்று. இந்நிலையைக் கண்ட சிட்கா பழங்குடியினர் தாமே ஓர் ஆய்வகம் அமைத்து, தம் மக்கள் மரபாகச் சிப்பி எடுக்கும் கரைகளிலிருந்து மாதிரிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டு வருகின்றனர். அரசு சொல்லவில்லையே என்று காத்திராமல் தாமே அளந்து தாமே சொல்லிக்கொண்ட அம்மக்கள் நம் பாராட்டுக்கு உரியவர்கள்.

முடிவு எப்போது பயன்படும்?

முடிவை வெளியிட்டாலே போதுமா எனில், போதாது. பயன்படும் முடிவுக்கு நான்கு இலக்கணம் உண்டு என்பது என் கருத்து.

ஒன்று, காலம். கடல் ஏற்றவற்றம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது. நீர் வற்றும் வேளையில் மட்டி எடுப்பவருக்கு அன்றைய செய்தி அன்றே வேண்டும். தகவல் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று, ஆண்டு 1997. விழிஞ்ஞத்தில் ஏழு பேர் இறந்ததும் அதே ஆண்டே. 2005-இல் வந்த மத்தியச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் முப்பது நாளில் விடை தரவேண்டும். உயிர் தொடர்பானதாயின் 48 மணி நேரத்தில். ஆனால் 48 மணி நேரத்தில் மட்டிக் குழம்பு மூன்று முறை சமைத்து உண்ணப்பட்டிருக்கும். எனவே கேட்டுப் பெறும் உரிமை இங்குப் போதாது. கேளாமலே சொல்லும் கடமை வேண்டும். அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தகவலைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. நாம் பற்றவேண்டிய கிளை அதுவே.

இரண்டு, இடம். முடிவு கரையில் இருக்க வேண்டும். தலைநகர் அலுவலகக் கோப்பிலோ ஆராய்ச்சி இதழிலோ இருக்கும் எண், கழியில் நிற்கும் பெண்ணுக்கு இல்லாத எண்ணே.

மூன்று, மொழி. எங்கள் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும். அதனால் இது எங்களுக்கு நன்கு விளங்கும். ஆங்கிலத்தில் ஒட்டிய அறிவிப்பு சுவருக்குச் சொன்ன செய்தி.

நான்கு, பொருள். '80 மைக்ரோகிராம்' என்றால் யாருக்கு விளங்கும்? 'எடுக்காதே' என்றால் எல்லோருக்கும் விளங்கும். எனினும் எண்ணை மறைக்கவும் கூடாது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வகை மட்டியில் எடுத்த மாதிரி, அளவு எவ்வளவு, வரம்பு எவ்வளவு, அடுத்த சோதனை எப்போது என்பனவும் அருகே இருத்தல் வேண்டும். ஏனெனில் நஞ்சு சில நாட்களிலேயே ஏறவல்லது. நாள் குறிப்பிடாத 'நல்லது' என்னும் சான்று, சான்று இல்லாமையைவிடத் தீங்கானது.

எங்கள் மண்டி இதற்கு நல்ல சான்று. ராயக்கோட்டை மண்டியில் காலையில் தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போயிற்று என்பது, லாரி பெங்களூருக்குக் கிளம்பும் முன்பே சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரும் அந்த எண்ணைச் சரியாகச் சொல்வார். விலைச் செய்திக்கு இவ்வளவு வேகமான கால்கள் இருக்கும்போது, நஞ்சுச் செய்தி மட்டும் ஏன் நொண்டுகிறது? விலையால் பயனடைவோர் அதைப் பரப்புகின்றனர். நஞ்சுச் செய்தியால் பயனடைவோர் கழியில் நிற்கும் எளியோர். அவர்களிடம் பரப்பும் வசதி இல்லை.

நம்மிடம் உள்ள வழிகள்

வெளிநாட்டைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. வழி நம் கரையிலேயே இருக்கிறது. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நாம் அறிவோம். காற்றின் வேகக் கணக்கு அறியாத மீனவரும் எத்தனையாம் எண் கூண்டு என்று கேட்டு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய அறிவு மையங்கள், வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தன. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை அத்தகைய ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் சொல்லப்பட்டு மக்கள் உயிர் தப்பினர். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கத்தைக் கண்டு அறிவித்து வருகிறது. பாசியைக் காண்பது மட்டியில் நஞ்சை அளப்பது ஆகாது. ஆயினும் எங்கே முதலில் சோதிப்பது என்பதற்கு அது வழிகாட்டும்.

ஆகவே மட்டி எடுக்கும் கழிகளில் ஒரு கம்பம் நட்டு, சிவப்புக் கொடி 'எடுக்காதே', பச்சைக் கொடி 'சோதித்ததில் வரம்புக்குள்', வெள்ளைக் கொடி 'இன்னும் சோதிக்கப்படவில்லை' என்று ஏற்றலாம். வெள்ளைக் கொடியே இவற்றுள் முக்கியமானது என்பேன். கொடியே இல்லாத கம்பத்தைக் கண்டு 'ஆபத்தில்லை' என்று மக்கள் எண்ணிவிடக்கூடும். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்வதும் அறிவிப்பே.

மறுப்பும் விடையும்

இவ்வாறு வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் அஞ்சுவர், மட்டி விற்போர் பிழைப்புக் கெடும் என்பர் சிலர். அக்கவலை நியாயமானதே. ஆனால் பிழைப்பை அதிகம் கெடுப்பது வதந்தி. இன்ன கழியில் இன்ன நாள் வரை என்று தெளிவாகச் சொன்னால் அந்தக் கழிக்கு மட்டும் சில வாரம் ஓய்வு. சொல்லாமல் மறைத்துப் பின்னர் ஒருவர் இறந்தால், கரை முழுவதும் மீன் உட்பட எதுவும் விற்காது. தடைக்காலத்தில் அந்தப் பெண்களுக்கு உதவித்தொகை கொடுப்பது பற்றி எண்ணலாமே தவிர, தடையை மறைப்பது பற்றி எண்ணலாகாது.

செலவு மிகும் என்பது மற்றொரு மறுப்பு. எல்லாக் கழியையும் எல்லா நாளும் சோதிக்க வேண்டியதில்லை. காவல் சிப்பிகளை வைத்துச் சில இடங்களில், பாசி பெருகும் பருவத்தில் அடிக்கடியும் பிற பருவத்தில் இடைவெளி விட்டும் சோதிக்கலாம். ஏற்றுமதிக்காக முன்பே செய்யப்படும் சோதனையின் முடிவை உள்ளூராருக்கும் சொல்லுவதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை. கடலோரக் கல்லூரிகளில் நுண்ணோக்கி உண்டு, விலங்கியல், தாவரவியல் மாணவர் உண்டு. வாரம் ஒருமுறை மிதவை வலை வீசி நீரை எடுத்துப் பார்த்து, ஐயத்துக்குரிய பாசி கண்டால் ஆய்வகத்துக்குத் தெரிவிக்கலாம். கலிபோர்னியாவில் தன்னார்வத் தொண்டர்கள் இதையே செய்கிறார்கள்.

எங்கள் தெருவின் எண்

இனி, கிருஷ்ணகிரிக்காரனுக்கு இது எதற்கு என்ற வினாவுக்கு விடை கூறி முடிக்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்பில் படித்த காலம். எங்கள் தெருக் கைப்பம்பில் இரண்டு புட்டித் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி, சோதனைக்கு எடுத்துச் சென்றனர். தெருவே கூடி நின்று பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. முடிவு வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை; யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே ஏற்கத்தக்க மேல்வரம்பு என்பதும், அதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும் நான் கல்லூரிக்கு வந்து கற்றவை. காவிரி நீர் பின்னர் எங்கள் தெருவுக்கும் வந்தது. அதற்குள் என் அக்காவின் பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. அவள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையில் அவள் சிரிக்கவே இல்லை.

மட்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின் அந்தப் புட்டிகள் என் நினைவுக்கு வந்தன. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதினேன். விடை வந்தது. பழைய பதிவேட்டின் ஒரு பக்க நகல். எங்கள் தெருவின் பெயருக்கு நேரே ஓர் எண். அருகே 'வரம்புக்கு மேல்' என்று ஒரு குறிப்பு. பத்தாண்டுக்கு மேலாக அந்த எண் அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தா அம்மா வேற எடத்துல தண்ணி எடுத்திருப்பாங்க இல்ல?" என்றாள். அவ்வளவுதான். அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. எனக்குத்தான் பேச்சு எழவில்லை.

முடிவுரை

ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. சாக்சிடாக்சின் மணிக்கணக்கில் கொல்கிறது. ஒன்று மலைநாட்டுக் கிணற்றில், மற்றொன்று கடலோரக் கழியில். ஆனால் அளந்தவருக்குத் தெரிந்தது உண்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியவில்லை என்னும் இடத்தில் இரண்டும் ஒன்றே. மாதிரி எடுக்கப்பட்ட நீர் எவருடையதோ, எடுக்கப்பட்ட மட்டி எவர் அடுப்புக்குப் போவதோ, முடிவும் முதலில் அவர்களுக்கே சேர வேண்டும்.

அடுத்த ஆண்டு கல்விச் சுற்றுலா செல்லவிருக்கும் இளையோர்க்கு என் வேண்டுகோள்: சோதனை முடிவு தெரியாத மட்டியை உண்ணாதீர்கள். உண்டபின் உதடு மதமதத்தால் நொடியும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீதக் குழம்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஊர் திரும்பியபின் உங்கள் தெருவில் எப்போதோ யாரோ எடுத்துச் சென்ற புட்டிகளை நினைவுகூர்ந்து, அவற்றின் முடிவைக் கேளுங்கள். முட்டுக்காட்டுக் கழியருகே அந்த மூதாட்டியைக் கண்டால், நீர் சிவக்காவிட்டாலும் நஞ்சு இருக்கலாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் அன்று அதை அறியாமல், சொல்லாமல் வந்துவிட்டேன்.